ஒன்பதடி ஹோல்

நீளம் இருபத்தேழு அடி.
அகலம் ஒன்பதுக்கு நாலு விரல் குறைவு.
அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த மகன்
இது ஹோலா ரோட்டா வாப்பா என்றான்.

சாய்ந்தமருதில் ஒரு பேர்ச் காணி விலை கேட்டால்
காது அடைக்கும்.
பிள்ளைக்கொரு வீடு கொடுக்க வேண்டிய மாமா
இருந்த வீட்டின் நடுவே நைலோன் கயிறு கட்டினார்,
வாசல் முதல் குசினி வரை.
மூத்தவளுக்குக் கிழக்கு, இளையவளுக்கு மேற்கு.
மூன்றே நாளில் ஒற்றைக்கல் சுவர் எழும்பிற்று.
சிவப்புச் சீமெந்துத் தரையில்
முன்னொரு மேசன் ஆசையாய்க் கீறிய வட்டப் பூ
அரைப் பூவாய் எங்களுக்கு வந்தது.
அந்த நாலு விரலைத் தின்றது சுவர்.
அடுத்த பக்கம் தின்றதென்று
இரண்டு பக்கமும் நம்புகிறது.

கலியாணச் செற்றியை முதலில் நீளச் சுவரோடு போட்டோம்.
எதிரே இரண்டு கதிரை.
பெருநாளைக்கு வந்தவர்களின் முழங்கால்கள்
ஸலாம் சொல்லிக்கொண்டன.
தேத்தண்ணித் தட்டோடு வந்த சிபானா
அவற்றுக்கிடையே நண்டு நடை நடந்தாள்.

மறுகா எல்லாவற்றையும் வாசல் பார்க்கத் திருப்பி
ஒன்றன்பின் ஒன்றாய்.
கல்முனை மட்டக்களப்பு பஸ் மாதிரி இருந்தது.
உம்மா சாரதிக்குப் பின் சீற்றில்,
சாச்சா பின்கதவடியில்,
ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல்
இறங்குமிடம் வரக் காத்திருந்தார்கள்.

கட்டாரிலிருந்து ஹில்மி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான்:
பெரிய கண்ணாடி வை மச்சான், அகலமாய்த் தெரியும்.
நடுச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி சாத்தினோம்.
உம்மா, ஆரோ வாறாங்க என்று முக்காட்டை இழுத்துவிட்டார்.
உண்மைதான்,
ஹோல் பழையபடி பதினெட்டு அடி ஆகியிருந்தது.
தரையில் முழுப் பூ.
சிபானா அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பின்னேரம் கண்ணாடி படுக்கையறைக்குப் போய்விட்டது.

நான் கணிதம் படிப்பிக்கிறவன்.
சதுரக்கோட்டுக் கொப்பியில் ஹோலைக் கீறி
கதிரைகளைக் கடதாசியில் வெட்டி
இஷாவுக்குப் பிறகு நகர்த்தி நகர்த்தி
விடை கண்டேன்:
காற்றாடிக்குக் கீழே செற்றி,
சோகேஸ் நடுச்சுவரின் மையத்தில்,
நடக்க மூன்றடி மிச்சம்.

பீங்கான்களை இறக்கிவிட்டு சோகேஸைத் தள்ளினேன்.
சுவரில் முதுகை வைத்து நின்றாள் சிபானா.
இதில வைக்க ஏலா.
ஏன்?
ஏலாண்டா ஏலா.

காற்றாடி எங்கள் பக்கம் தொங்குகிறது.
அதன் சுவிச், கதவு நிலையோடு,
கயிறு கட்டிய அன்றே ராத்தா பக்கம் போய்விட்டது.
ஒரு மணித்தியால வேலை என்றான் வயர்மேன்.
வருசம் மூன்று.
புழுங்கும்போது சிபானா சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள்,
காற்றாடி சுற்றும்.
ஒரு தட்டு, நிற்கும்.
நாலு விரல் சண்டைக்குப் பிறகு
அவர்கள் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

சுண்ணாம்பு உதிர்ந்து, மொளி அளவில்,
அழுக்காய் ஒரு பள்ளம்.
நான் அதைக் கொப்பியில் கீறவில்லை.

சோகேஸ் இப்போது நடைபாதையில் துருத்திக்கொண்டு நிற்கிறது.
போகிற வருகிற எல்லாருக்கும் முழங்கையில் நோ.
அரைப் பூவின் மேல் ஒன்றும் வைக்கவில்லை,
மகன் அதில் டிப்பர் ஓட்டுகிறான்.

நேற்றுக் கச்சான் காற்றும் செத்த இரவு.
காய்ச்சல் மாத்திரையோடு
தட்ட மறந்து தூங்கிப்போனாள் சிபானா.
எழும்பிப் போய்ச் சுவரடியில் நின்றேன்.
என் விரலுக்கு அந்தப் பாஷை சரிவருமா தெரியவில்லை.
கை உயர்த்துவதற்குள்
காற்றாடி தானாய்ச் சுற்றத் தொடங்கிற்று.

சுவருக்கு அப்பால்
எதையோ இழுக்கிறார்கள்,
நிறுத்துகிறார்கள்,
திரும்பவும் இழுக்கிறார்கள்.